எந்த ரெசனேட்டர் கிட்டார்?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

ஒலிபெருக்கி பரவாத நாளில், நடனக்கூடத்து இரைச்சலை மீறிக் கிட்டார் ஒலிக்க வேண்டியிருந்தது. அதற்கெனவே 1927-இல் லாஸ் ஏஞ்சல்சில் ஜான் டோப்யேராவின் ரெசனேட்டர் கிட்டார் பிறந்தது. தந்தியின் அதிர்வைக் குதிரை வாங்கி, உள்ளிருக்கும் மெல்லிய அலுமினியக் கூம்பிடம் சேர்க்கிறது. கூம்பு காற்றை அசைக்கிறது. "தறிச் சத்தத்தையும் மீறுமா?" என்றார் நெசவாளரான என் தந்தை. நியாயமான கேள்விதான்!

முதற்கருவியில் மூன்று கூம்புகள். நாதம் நீண்டு நிற்கும். 1928-இல் வந்த டோப்ரோவில் கிண்ணம் போன்ற ஒரே கூம்பு, அதன்மேல் சிலந்திக்கால் போன்ற உலோகச் சட்டம். இன்னொரு வகையில், ஒற்றைக் கூம்பின் உச்சியில் 'பிஸ்கட்' எனப்படும் மரவில்லை. இதில் ஒலி சுரீரென எழுந்து விரைவில் அடங்கும். அந்த இடைவெளியில் பாடகனின் குரல் நுழையும். சன் ஹவுஸ், புக்கா ஒயிட் கையிலிருந்தது இவ்வகையே. ப்ளூஸுக்கு என் தேர்வும் இதுவே.

டியூஷன் எடுத்துப் பணம் சேர்க்கிறேன். ஒருமுறைதான் வாங்க இயலும். ஆகவே என் கவலையெல்லாம் கழுத்தைப் பற்றியது. சதுரக் கழுத்துடையது கோட்டுவாத்தியம்போலக் கிடத்தி வாசிப்பதற்கே. தந்தி மிக உயரத்தில் இருப்பதால் விரலால் அழுத்த முடியாது. ப்ளூஸ் கலைஞரோ சுண்டுவிரலில் கண்ணாடிக் குழாயை மாட்டிச் சறுக்கி, மற்ற விரல்களால் அழுத்தியும் வாசிப்பார். உருண்டைக் கழுத்தே வேண்டும்.

தந்தியும் தடிப்பாக இருக்கட்டும். திறந்த ஜி சுருதிக்கு மூன்று தந்திகளைத் தளர்த்துகிறோம். சன்னத் தந்தியானால் தொய்ந்து, குழாய் மெட்டுகளில் இடிக்கும். வாங்குமுன் ஒவ்வொரு தந்தியையும் பலமாக மீட்டிக் கேளுங்கள். கூம்பு கரகரத்தால் அடுத்ததை எடுங்கள்.