கழுத்துக் கழலையும் ஒரு பிடி உப்பும்

மாணவர்களே! தருமபுரிக் கடைத்தெருவில் வாங்கிய உப்புப் பொட்டலத்தை எடுத்துப் பாருங்கள். 'அயோடின் கலந்தது' என்று அச்சிட்டிருக்கும். உப்பில் அயோடின் எதற்கு?

நம் கழுத்தின் முன்புறமுள்ள தைராய்டு சுரப்பி, உடலும் மூளையும் வளர வேண்டிய சுரப்புநீரை அயோடினைக் கொண்டே ஆக்குகிறது. நாள்தோறும் நமக்குத் தேவை 150 மைக்ரோகிராம்தான். எழுபது ஆண்டுகளுக்கும் சேர்த்து 4 கிராம்கூட ஆகாது! ஆனால் மலைச்சரிவுகளில் மழையும் பனியும் மண்ணின் அயோடினை அரித்துச் சென்றுவிடுகின்றன. அங்கு விளையும் உணவிலும் அது குறைகிறது. சுரப்பி வீங்கிக் கழலையாகிறது; கருவிலுள்ள குழந்தையின் மூளையும் பாதிக்கப்படுகிறது.

ஸ்ரீகாகுளத்தில் 1921-இல் பிறந்த நோய்க்குறியியல் அறிஞர் வி. ராமலிங்கசுவாமி, 1956-இல் இமயமலைச் சாரலிலுள்ள காங்ரா பள்ளத்தாக்கில் தம் குழுவினருடன் ஒரு சோதனையைத் தொடங்கினார். ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் வாழ்ந்த பகுதியை மூன்றாகப் பிரித்தார். ஒன்றுக்குப் பொட்டாசியம் அயோடைடு கலந்த உப்பு. இன்னொன்றுக்குப் பொட்டாசியம் அயோடேட்டு கலந்த உப்பு. மூன்றாவதற்கு வெறும் உப்பு. வெறும் உப்பு ஏன்? நோய் குறைந்தால் அது அயோடினால்தானா, தானாகவே குறைந்ததா என்பதை ஒப்பிட்டால்தானே அறியலாம்!

1962-இல் அயோடின் பெற்ற இரு பகுதிகளிலும் கழலை ஏறக்குறையப் பாதியாகியிருந்தது. மூன்றாம் பகுதியிலோ குறையவே இல்லை. பின்னர் அங்கும் அயோடின் உப்பு வழங்கப்பட்டது. அங்கும் நோய் தணிந்தது. 1962-இலேயே தேசியக் கழலைத் தடுப்புத் திட்டமும் பிறந்தது. சமவெளிகளிலும் இக்குறை உண்டென்று பிற்கால ஆய்வுகள் காட்டின. அதனால்தான் இந்த உப்பு நம் வீட்டுக்கும் வருகிறது.

இனி ஒரு கணக்கு: கடையில் விற்கும் உப்பில் பத்து லட்சம் பங்குக்குக் குறைந்தது 15 பங்கு அயோடின் இருக்க வேண்டும். அப்படியானால் 10 கிராம் உப்பில் எவ்வளவு? போட்டுப் பாருங்கள். பிறகு உப்பு ஜாடியை இறுக மூடி வையுங்கள்!