கடனும் கணக்கறிவும்

ரூபாய்க்குப் பத்துப் பைசா வட்டி என்றால் அற்பமாகவே தோன்றும். ஆனால் அது மாத வட்டி. 100 ரூபாய்க்கு ஓராண்டில் 120 ரூபாய் வட்டியாகும். அசலோ அப்படியே நிற்கும்.

தருமபுரி மாவட்டத்தில் 1989-ஆம் ஆண்டு, பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கப்பெற்றன. பெண்கள் சிறுதொகை சேமித்து, அதிலிருந்தே தமக்குள் கடன் பெற்றனர். ஒருத்தி செலுத்தும் வட்டி வெளியார் கைக்குப் போகாமல், அனைவர்க்கும் உரிய பொதுநிதியையே வளர்த்தது. வரவு செலவு எழுதும் பழக்கமும் உடன் வளர்ந்தது.

2003-இல் தமிழகத்தில் கந்துவட்டித் தடைச் சட்டமும் பிறந்தது. எனினும், சட்டம் துன்பம் நேர்ந்தபின்னரே துணைவரும். கணக்கறிவோ முன்னரே காக்கும் என்பது என் கருத்து. ஆதலின், கையொப்பமிடுமுன் கேளுங்கள்: "ஆண்டுக்கு எவ்வளவு?"