தவணை தவறாதவருக்கும் மதிப்பெண் குறைவது ஏன்?

கடன் தவணையை ஒருநாளும் தவறவிடாத வாடிக்கையாளர் சிலருக்கும் கடன் மதிப்பெண் எதிர்பாராத அளவு குறைந்திருப்பதுண்டு. 300 முதல் 900 வரை அமையும் இம்மதிப்பெண், நாம் வாங்கிய கடனை மட்டும் கொண்டு கணக்கிடப்படுவதில்லை. உறவினருக்காக ஜாமீன் கையெழுத்திட்ட கடனும் நமது அறிக்கையில் இடம்பெறும். அவர் தவணை தவறினால் நமது மதிப்பெண்ணும் சரியக்கூடும்.

சிபில் உள்ளிட்ட கடன் தகவல் நிறுவனங்கள் ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையை இலவசமாக வழங்குகின்றன. பதிவு உண்மையெனில், கடன் பெற்றவரை நிலுவையைத் தீர்க்கச் செய்யுங்கள். தவறெனில் முறையிடுங்கள், 30 நாள்களுக்குள் தீர்வு கிடைக்காவிடில், ரிசர்வ் வங்கி விதிப்படி நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

ஜாமீன் கையெழுத்திடுமுன், அக்கடனை நாமே செலுத்த நேர்ந்தால் இயலுமா எனச் சிந்திப்பது நலம்.