காக்கையும் பனம்பழமும் புது மேனேஜரும்

2018 டிசம்பர் 22, சனிக்கிழமை. வேல்ஸின் கார்டிஃப் நகரில் ஆட்டம் தொடங்கிய மூன்றாவது நிமிடமே, மான்செஸ்டர் யுனைடெட் அணியின் மார்கஸ் ராஷ்ஃபோர்ட் ஃப்ரீ கிக்கில் கோல் அடித்தார். முடிவு 5-1. லீக் ஆட்டம் ஒன்றில் யுனைடெட் ஐந்து கோல் அடித்து ஐந்தரை ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு வாரம் முன்புவரை இதே வீரர்கள் தூக்கத்தில் நடப்பவர்களைப் போல் ஆடிக்கொண்டிருந்தார்கள். இடையில் மாறியது ஒரே ஓர் ஆள். நான்கு நாளுக்கு முன்னால் மேனேஜர் ஜோசே மொரின்யோவை நிர்வாகம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஓலே குன்னர் சோல்ஷாரைத் தற்காலிகமாக அந்த நாற்காலியில் உட்காரவைத்திருந்தது.

இங்கிலாந்துக் கால்பந்தில் தலைமைப் பயிற்சியாளரை மேனேஜர் என்பார்கள். யாரை இறக்குவது, யாரை உட்காரவைப்பது, எப்படி ஆடுவது எல்லாம் அவர் பொறுப்பு. சோல்ஷார் யுனைடெட் ரசிகர்களுக்குச் செல்லப்பிள்ளை. 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில், காயநேரத்தில் கோல் அடித்துக் கோப்பையை வாங்கித் தந்தவர். அவர் வந்த பிறகு முதல் எட்டு ஆட்டங்களிலும் வெற்றி. 2019 மார்ச் 6 அன்று பாரிஸில், யுனைடெட்டை அதன் சொந்த மண்ணில் 0-2 என்று தோற்கடித்திருந்த அதே பி.எஸ்.ஜி. அணியை 3-1 என்று வென்று சாம்பியன்ஸ் லீக்கிலிருந்து வெளியேற்றினார்கள். முன்னாள் வீரர் ரியோ ஃபெர்டினாண்ட் தொலைக்காட்சியில், ஒப்பந்தத்தை அவர் முன்னால் வையுங்கள், வேண்டிய தொகையை அவரே எழுதிக்கொள்ளட்டும் என்கிற ரீதியில் பேசினார். மார்ச் 28 அன்று மூன்றாண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது.

புது மேனேஜர் வந்தால் அணி துள்ளி எழும் என்பது கால்பந்து உலகின் பழைய நம்பிக்கை. கண்ணால் பார்த்ததை எப்படி மறுப்பது? மறுக்க வேண்டாம். அணி எழுவது உண்மைதான். எழுப்பியது யார் என்பதுதான் கேள்வி. சோல்ஷார் கதையின் மிச்சத்துக்குப் போகும் முன் ஒரு சின்ன சோதனை செய்து பார்ப்போம்.

பகடைக்குப் பாடம் எடுக்கலாமா?

ஒரு வகுப்பில் 36 மாணவர்கள். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு பகடை. எல்லாரும் ஒருமுறை உருட்டட்டும். கூட்டுத்தொகை நான்கோ அதற்குக் குறைவோ வந்தவர்களை முன்னால் கூப்பிடுங்கள். கணக்குப்படி சுமார் ஆறு பேர் தேறுவார்கள். "இதுவா உருட்டுற லட்சணம்?" என்று நன்றாகத் திட்டிவிட்டு, மறுபடி உருட்டச் சொல்லுங்கள். இந்த முறை அந்த ஆறில் ஐந்து பேருக்காவது நான்கைத் தாண்டும் என்று எதிர்பார்க்கலாம். திட்டு வேலை செய்துவிட்டது!

பகடைக்குக் காது கிடையாது என்பது நமக்குத் தெரியும். இரண்டு பகடையின் சராசரி ஏழு. நான்கு விழுந்தவர் அடுத்த முறை ஏழை நோக்கிப் போகத்தான் வாய்ப்பு அதிகம். திட்டியிருந்தாலும், கொஞ்சியிருந்தாலும், சும்மா விட்டிருந்தாலும் இதுவே நடந்திருக்கும். புள்ளியியலில் இதற்குச் 'சராசரிக்குத் திரும்புதல்' என்று பெயர்.

இதை முதலில் கண்டெடுத்தவர் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன். 205 பெற்றோர் இணைகளின் உயரத்தையும், அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் 928 பேரின் உயரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு 1886-இல் வெளியிட்டார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமாகத்தான் இருந்தார்கள், ஆனால் பெற்றோர் அளவுக்கு இல்லை. மிகக் குட்டையான பெற்றோரின் பிள்ளைகள் சற்றே உயர்ந்திருந்தார்கள். இரு கோடிகளிலிருந்தும் நடுவை நோக்கி ஒரு நகர்வு.

பின்னாளில் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன், இஸ்ரேல் விமானப்படையின் பயிற்றுநர்களுக்கு வகுப்பெடுத்தபோது இதே பொறியைக் கண்டார். பாராட்டினால் மாணவர் அடுத்த முறை சொதப்புகிறார், திட்டினால் அடுத்த முறை நன்றாகப் பறக்கிறார் என்றார் ஒரு மூத்த பயிற்றுநர். அவர் பார்த்தது பொய்யல்ல. அபாரமாகப் பறந்த நாளில்தான் பாராட்டு கிடைக்கும். அடுத்த நாள் அதைவிடக் குறையவே செய்யும். படுமோசமாகப் பறந்த நாளில்தான் திட்டு விழும். அடுத்த நாள் கொஞ்சம் தேறவே செய்யும்.

கால்பந்தில் இந்தப் பகடையின் பங்கு இன்னும் பெரிது. கூடைப்பந்துபோல நூறு புள்ளிகள் விழும் ஆட்டம் அல்ல இது. பெரும்பாலும் ஒன்றிரண்டு கோலில் முடிந்துவிடும். பந்து கம்பத்தின் உட்புறம் பட்டதா, வெளிப்புறம் பட்டதா என்பதில் ஒரு வாரத்தின் மனநிலையே அடங்கியிருக்கிறது. சோல்ஷாரின் வெற்றிகளையே பாருங்கள். டாட்டன்ஹாமை 1-0 என்று வென்ற ஆட்டத்தில், யுனைடெட் கோல்கீப்பர் தாவீத் டெ ஹேயா 11 பந்துகளைத் தடுத்தார். பாரிஸில் பி.எஸ்.ஜி.யை வெளியேற்றிய கோல், காயநேரத்தில் வீடியோ நடுவர் உதவியோடு கிடைத்த பெனால்டியில் வந்தது. எட்டு வெற்றி வரிசையின் முதல் இரண்டு எதிரணிகளான கார்டிஃபும் ஹடர்ஸ்ஃபீல்டும் அந்தப் பருவ முடிவில் கீழ்நிலை லீக்குக்கு இறங்கிப்போன அணிகள்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்போம். இங்கே கதை அதைவிடச் சுவையானது. பழுத்து விழப்போகும் நேரம் பார்த்துத்தான் காக்கையையே அனுப்புகிறார்கள். எந்த நிர்வாகமும் தொடர்ந்து வெல்லும்போது மேனேஜரை நீக்குவதில்லை. தோல்விமேல் தோல்வி வந்து, பகடையில் இரண்டும் மூன்றுமாக விழும் நேரத்தில்தான் நீக்குகிறது. அதற்குப் பிறகு யார் வந்தாலும் போக வேண்டிய திசை பெரும்பாலும் மேல்தான்.

காக்கை வராத மரம்

சரி, பழம் தானாக விழுந்ததா, காக்கை தட்டிவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காக்கை வராத மரத்தையும் பார்க்க வேண்டும். மருந்துச் சோதனையில், மருந்து சாப்பிட்டவர்களை மட்டும் பார்த்தால் போதாது. அதே நோயோடு மருந்து சாப்பிடாமல் இருந்தவர்களையும் பார்க்க வேண்டும் என்பார்களே, அதே விதி. ஜலதோஷம் எந்தக் கஷாயத்துக்கும் ஒரு வாரத்தில் கட்டுப்படும்.

நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வேல் இதைத்தான் செய்தார். தன் நாட்டின் முதல்நிலை லீக்கில் 1986 முதல் 2004 வரை நடந்த பருவங்களை எடுத்துக்கொண்டார். தொடர் சரிவில் மேனேஜரை நீக்கிய அணிகள் ஒரு பக்கம். அதே அளவு சரிவைச் சந்தித்தும் மேனேஜரை நீக்காமல் பொறுத்திருந்த அணிகள் மறுபக்கம். நீக்கிய அணிகள் எழுந்தன. நீக்காத அணிகளும் ஏறக்குறைய அதே மாதிரி எழுந்தன. எழுச்சிக்கான பெருமையை ஒரு பக்கத்தில் புது மேனேஜர் வாங்கிக்கொண்டார். மறுபக்கத்தில் வாங்கிக்கொள்ள ஆளே இல்லை.

மேனேஜர் யாராக இருந்தாலும் ஒன்றுதான் என்று இதற்குப் பொருள் அல்ல. செல்சி அணி 2012 மார்ச்சில் ஆந்த்ரே வில்லாஸ்-போவாஸை நீக்கியது. உதவியாளராக இருந்த ராபர்தோ டி மத்தேயோ மே மாதம் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கினார். 2021 ஜனவரியில் அதே செல்சி ஃபிராங்க் லாம்பார்டை நீக்கியது. தோமாஸ் டுகெல் வந்து அதே ஆண்டு மே மாதம் அதே கோப்பையை வென்றார். மாற்றம் சில இடங்களில் பலன் தரும், சில இடங்களில் கெடுக்கும். எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி பார்த்தால், பருவத்தின் நடுவில் செய்யும் மாற்றத்துக்கு ரசிகர்கள் கொடுக்கும் மதிப்பு நிற்பதில்லை. ஓர் அணி பட்டியலில் எங்கே முடிக்கும் என்பதை, அது வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளமே பெரிய அளவு சொல்லிவிடுகிறது. புது மேனேஜர் வந்த அன்று அந்தச் சம்பளப் பட்டியல் மாறுவதில்லை.

ஜெயிச்சிட்டோம், தோத்துட்டாங்க

இவ்வளவு தெரிந்தும் ரசிகர் மனம் ஏன் கேட்பதில்லை?

1976-இல் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஏழு பல்கலைக்கழகங்களில், தங்கள் அணி சனிக்கிழமை வென்றிருந்தால், திங்கட்கிழமை வகுப்புக்குப் பல்கலைக்கழகப் பெயர் போட்ட உடையில் வரும் மாணவர்கள் கூடினார்கள். ஆட்ட முடிவைச் சொல்லச் சொன்னபோது, வெற்றியைச் சொல்லும்போது வந்த 'நாம்' தோல்வியைச் சொல்லும்போது குறைந்தது. ஆங்கிலத்துக்கு இதற்குத் தனிச் சொல் வேண்டும். தமிழில் வினைமுற்றின் வாலே காட்டிக்கொடுத்துவிடும். சென்னையிலோ சிங்கப்பூரிலோ தூக்கம் கெட்டு ஆட்டம் பார்த்த ரசிகரைக் கேளுங்கள். வென்றால் "ஜெயிச்சிட்டோம்." தோற்றால் "தோத்துட்டாங்க."

தொடர்ந்து தோற்கும் அணியின் ரசிகருக்கு இங்கே ஒரு சிக்கல் வருகிறது. அணியை விட்டு விலகவும் முடியாது, தோல்வியை ஏற்கவும் முடியாது. அந்த 'ஆங்க' போய் உட்கார ஓர் ஆள் வேண்டும். பதினோரு பேரை வெறுப்பது கடினம். கோட்டுக்கு வெளியே கோட் போட்டு நிற்கும் ஒருவரை வெறுப்பது எளிது. 2014 மார்ச்சில் யுனைடெட் மைதானத்துக்கு மேலே, அப்போதைய மேனேஜர் டேவிட் மோய்ஸ் விலக வேண்டும் என்ற வாசகத்தை இழுத்துக்கொண்டு ஒரு குட்டி விமானம் பறந்தது. சில ரசிகர்கள் காசு கொடுத்து ஏற்பாடு செய்தது. அன்றைய ஆட்டத்தில் யுனைடெட் 4-1 என்று வென்றது! ஆனாலும் அடுத்த மாதம் மோய்ஸ் நீக்கப்பட்டார்.

ரசிகரின் அவதியைக் கேலி செய்வதற்கில்லை. 2006 உலகக் கோப்பையின்போது மியூனிக் வட்டாரத்தில், ஜெர்மனி ஆடிய நாட்களில் அவசர இதயப் பாதிப்புகள் வழக்கத்தைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் பதிவாயின. நெஞ்சு படபடக்கும் ஒருவரிடம் "பொறுங்கள், சராசரிக்குத் திரும்பும்" என்று சொன்னால் யார் கேட்பார்? ஏதாவது செய்தாக வேண்டும்.

நிர்வாகத்துக்கும் அதே அரிப்புதான். 2007-இல் வெளிவந்த இஸ்ரேலிய ஆய்வு ஒன்று 286 பெனால்டி உதைகளை அலசியது. கோல்கீப்பர் நடுவில் அசையாமல் நின்றால்தான் பந்தைத் தடுக்கும் வாய்ப்பு அதிகம் என்று கணக்கு சொன்னது. ஆனால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட தடவை அவர்கள் இடமோ வலமோ பாய்ந்தார்கள். பாய்ந்து கோட்டைவிட்டால் "பாவம், முயன்றார்." நின்று கோட்டைவிட்டால் "மரம்போல நின்றார்." மேனேஜரை நீக்காத நிர்வாகத்துக்கும் அந்த இரண்டாவது பேச்சில்தான் பயம்.

பொறுத்தார் பூமி ஆள்வாரா?

இந்த இடத்தில் எல்லாரும் யுனைடெட்டின் முன்னாள் மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசனை இழுப்பார்கள். 1989 டிசம்பரில் அவருக்கு எதிராக, மூன்றாண்டுச் சாக்குப்போக்கு போதும், கிளம்பு என்ற பொருளில் யுனைடெட் ரசிகர் ஒருவர் பதாகை பிடித்தார். நிர்வாகம் நீக்கவில்லை. அடுத்த மே மாதம் எஃப்.ஏ. கோப்பை வந்தது. 2013-இல் ஓய்வு பெற்றபோது யுனைடெட்டில் அவர் கணக்கில் 13 லீக் பட்டங்கள் உட்பட 38 கோப்பைகள். பார்த்தீர்களா, பொறுத்தார் பூமி ஆள்வார்!

இதுவும் அதே காக்கைதான், மறு கிளையில் உட்கார்ந்திருக்கிறது. பொறுமை காட்டியும் உருப்படாமல் போன மேனேஜர்களின் பதாகைகளை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. ஃபெர்குசனை நீக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க, நீக்கப்பட்ட ஃபெர்குசன் ஒருவர் நம்மிடம் இல்லை. ஒரே அணி ஒரே பருவத்தில் மேனேஜரை நீக்கவும் நீக்காமல் இருக்கவும் முடியாது. ஒற்றைக் கதை எவ்வளவு சிலிர்க்கவைத்தாலும் காரணத்தைச் சொல்லாது. அதனால்தான் டெர் வேலுக்கு ஓர் அணி போதவில்லை, ஒரு லீக்கின் பதினெட்டு ஆண்டு தேவைப்பட்டது.

இனி சோல்ஷார் கதையின் மிச்சம். தற்காலிகமாக இருந்த 19 ஆட்டங்களில் 14 வெற்றி. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு அந்தப் பருவத்தில் ஆடிய 10 ஆட்டங்களில் 2 வெற்றி. மொரின்யோ கிளம்பிய நாளில் யுனைடெட் பட்டியலில் ஆறாவது இடத்தில் இருந்தது. பருவம் முடிந்தபோதும் ஆறாவது இடம்தான்.

2019 மே 12, கடைசி ஆட்டம், சொந்த மைதானம். எதிரணி ஏற்கெனவே கீழ்நிலைக்கு இறங்குவது உறுதியாகியிருந்த ஒன்று. இழக்க அதற்கு எதுவும் மிச்சமில்லை. யுனைடெட் 0-2 என்று தோற்றது. வென்று சென்ற அணி, கார்டிஃப்.