ஒரு ஒயர் அறுந்தால் என்ன செய்வீர்கள்?

ஆட்டையாம்பட்டி என்றதும் முறுக்குதான் ஞாபகம் வரும். என் சித்தப்பாவும் அங்கே முறுக்குக் கடைதான் வைத்திருக்கிறார். பில், கணக்கு, கேமரா பதிவு மூன்றுக்கும் தனித்தனி கம்ப்யூட்டர் வேண்டாம் என்று, ஒரே கம்ப்யூட்டரில் மூன்றையும் நான்தான் அமைத்துக் கொடுத்தேன். இதற்கு விர்ச்சுவலைசேஷன் என்று பெயர். ஒரு வீட்டை மூன்று போர்ஷனாகத் தடுப்பது போலத்தான். வீடு என்பது ஹோஸ்ட். ஒவ்வொரு போர்ஷனும் ஒரு விர்ச்சுவல் மெஷின்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் எலி நெட்வொர்க் ஒயரைக் கடித்துவிட்டது. கல்லாவில் இருந்த கம்ப்யூட்டரால் ஹோஸ்டைத் தொடர்பு கொள்ள முடியவில்லை. பில், கணக்கு, கேமரா மூன்றும் ஒரே நேரத்தில் நின்றன. கடை நிறைய கூட்டம். சித்தப்பா கையால் பில் எழுதினார். மூன்று போர்ஷனுக்கும் ஒரே வாசல் வைத்தது என் தவறு.

இரண்டாவது வாசல் வைப்பது எளிது. ஹோஸ்டில் இன்னொரு நெட்வொர்க் கார்டைப் பொருத்தி, இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட வேண்டும். இதைத்தான் பாண்டிங் என்கிறார்கள். ஒரு கார்டு வேலை செய்யும், மற்றது காத்திருக்கும். முதலாவது விழுந்தால் இரண்டாவது பொறுப்பை ஏற்கும்.

நான் பயன்படுத்துவது இலவசமாகக் கிடைக்கும் பிராக்ஸ்மாக்ஸ். அதில் செய்ய வேண்டியவை:

1. ஹோஸ்டில் மானிட்டரும் கீபோர்டும் இணைத்து வைத்துக்கொள்ளுங்கள். தவறு நடந்தால் உதவும்.
2. சிஸ்டம், நெட்வொர்க் பகுதிக்குச் சென்று, 'விஎம்பிஆர்0' பிரிட்ஜில் உள்ள கார்டு பெயரை நீக்குங்கள்.
3. கிரியேட் பட்டனில் லினக்ஸ் பாண்ட் தேர்ந்தெடுங்கள். இரண்டு கார்டுகளின் பெயரையும் கொடுத்து, மோட் என்ற இடத்தில் 'ஆக்டிவ் பேக்கப்' வையுங்கள். இதற்கு விலை உயர்ந்த சுவிட்ச் தேவையில்லை.
4. பிரிட்ஜில் 'பாண்ட்0' என்று கொடுங்கள். கடைசியாக அப்ளை பட்டனைக் கிளிக் செய்யுங்கள்.

இப்போது வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து ஹோஸ்டுக்குப் பிங் ஓடவிட்டு, ஒரு ஒயரைப் பிடுங்குங்கள். பிங் தொடர்ந்தால் வெற்றி. சோதிக்காத மாற்று வழியை நம்பாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு ஒயரையும் ஒரே பைப்பில் விட்டால் ஒரே எலி இரண்டையும் கடிக்கும். இரண்டும் ஒரே சுவிட்சில் இருந்தால், அது பழுதானால் இரண்டும் போச்சு. எனவே இரண்டு சுவிட்ச் வைத்து, அவற்றை ஒரு ஒயரால் இணைத்து, வெவ்வேறு பிளக்கில் கரண்ட் கொடுங்கள்.

இது உலக அளவிலும் நடந்த கதைதான். 2008 ஜனவரி 30 அன்று, எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே கடலடியில் ஃபிளாக், சீ-மீ-வீ 4 ஆகிய இரண்டு கேபிள்கள் சேதமடைந்தன. இந்தியாவில் இன்டர்நெட் வேகம் கடுமையாகக் குறைந்தது. கேபிள்கள் இரண்டு, ஆனால் போன வழி கிட்டத்தட்ட ஒன்றே. அப்போது கைகொடுத்தது, எதிர்த்திசையில் கிழக்கே போன கேபிள்கள்தான்.

சித்தப்பா கடையில் இப்போது ஒரு ஒயர் சுவரோரமாகவும் மற்றது கூரை வழியாகவும் போகிறது. உங்கள் வீட்டிலும் இன்றே ஒரு ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள். எது நிற்கிறது என்று தெரியும்.