மீண்டும் ஆஸ்பத்திரி வாயிலில்

ஆஸ்பத்திரியில் கிடந்த நோயாளி எழுந்து வீடு சென்றுவிட்டால், வைத்தியர்களின் கடமை அத்துடன் தீர்ந்ததென்றே உலகம் எண்ணுகிறது. பத்து நாட்களில் அவர் அதே நோயுடன் அதே வாயிலுக்கு மீண்டும் வந்து சேர்ந்தால், அது அவருடைய தலைவிதி என்று சொல்லிவிடுகிறோம். இவ்வெண்ணம் தவறு என்பதை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகள் ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டியுள்ளன. ஆயின், தவற்றைக் கண்டறிந்த அந்நாட்டுச் சர்க்கார் அதைத் திருத்தப் புகுந்த வழியும் குறையற்றதன்று. இவ்விரண்டும் நம் வாசகர்கள் அறியத்தக்கவை.

அறுபத்தைந்து வயது நிரம்பியோரின் வைத்தியச் செலவை அந்நாட்டுச் சர்க்கார் ‘மெடிகேர்’ என்னும் திட்டத்தின் மூலம் பெரும்பாலும் ஏற்றுவருகிறது. டாக்டர் ஸ்டீபன் ஜெங்க்ஸ் என்பாரும் அவர்தம் துணைவர் இருவரும் அத்திட்டத்தின் 2003, 2004-ஆம் ஆண்டுக் கணக்குகளைத் துருவி ஆராய்ந்து, தாம் கண்ட முடிவுகளை 2009-ல் வெளியிட்டனர். ஆஸ்பத்திரியினின்று விடுவிக்கப்பெற்ற ஏறக்குறைய 1 கோடி 18 லட்சம் பேரில், நூற்றுக்கு 19.6 பேர் 30 நாட்களுக்குள் திரும்ப வந்து படுத்தனர். எதிர்பாராத இத்தகைய வருகைகளுக்காக 2004-ல் மட்டும் 1,740 கோடி டாலர் செலவாயிற்று என்பது அவர்கள் மதிப்பு. பணத்தினும் பெரிய செய்தி வேறொன்றுண்டு. ரண சிகிச்சையின்றி மருந்தாலேயே சிகிச்சை பெற்று வீடு சென்று, 30 நாட்களுக்குள் திரும்பியவர்களில் சரிபாதிப் பேர், இடையில் எந்த டாக்டரையும் அவரது வைத்தியசாலையில் பார்த்ததாகக் கணக்கில் காணப்படவில்லை.

இதன் பொருள் யாது? இதயம் தளர்ந்த ஒரு முதியவரை நினைத்துப் பாருங்கள். அவருடைய உடலில் நீர் சேரத் தொடங்கினால், மூச்சுத் திணறல் வருமுன்பே எடை ஏறும். தினமும் காலையில் எடை பார்த்து, ஓரிரு நாட்களில் ஒரு கிலோவுக்குமேல் கூடினால் உடனே தெரிவித்தால், பெரும்பாலும் மருந்தின் அளவை மாற்றியே சமாளித்துவிடலாம். இதை அவருக்கு யார் சொல்வது? விடைபெறும் அவசரத்தில் கையில் திணித்த காகிதத்தை அவர் படித்தாரா, படித்தது விளங்கிற்றா என்று யார் கேட்பது? வீட்டிலோ பழைய மாத்திரைகளும் புதிய மாத்திரைகளும் ஒரே பெட்டியில் கிடக்கின்றன. ஒரே மருந்து இரு பெயர்களில் இருப்பதை அறியாது இரண்டையும் விழுங்குவோர் உண்டு. நோய் திரும்பியது என்கிறோம். உண்மையில், துணையின்றி அனுப்பப்பட்ட மனிதர் திரும்புகிறார்.

இக்குறைக்குப் பரிகாரம் இல்லாமலில்லை. பென்ஸில்வேனியா சர்வகலாசாலையைச் சேர்ந்த மேரி நெய்லர் அம்மையார் 1999-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் 363 முதியோர் இடம்பெற்றனர். ஒரு சாராரை, உயர்ந்த பயிற்சி பெற்ற நர்ஸுகள் ஆஸ்பத்திரியிலேயே சந்தித்துப் பின்னர் வீட்டிற்கும் சென்று கவனித்தனர். மற்றவர்க்கு வழக்கமான ஏற்பாடே நடந்தது. 24 வாரங்களில், வழக்கமான ஏற்பாட்டில் இருந்தோருள் நூற்றுக்கு 37.1 பேர் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினர். நர்ஸ் துணைசென்றோருள் 20.3 பேரே திரும்பினர். டாக்டர் எரிக் கோல்மன் 2006-ல் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சி, நோயாளிக்கே தம் மருந்துகளையும் அபாயக் குறிகளையும் அறியக் கற்பித்தால் 30 நாள் வருகை நூற்றுக்கு 11.9-லிருந்து 8.3 ஆகக் குறைகிறது என்று காட்டிற்று.

நிற்க. சர்க்கார் என்ன செய்தது? 2010-ஆம் வருஷத்து வைத்தியச் சீர்திருத்தச் சட்டத்தில் ஒரு ஷரத்தைச் சேர்த்தது. எதிர்பார்த்ததற்குமேல் நோயாளிகள் திரும்பிவரும் ஆஸ்பத்திரிகளுக்கு, மெடிகேர் கொடுக்கும் தொகையில் ஒரு பகுதி பிடிக்கப்படும் என்பது அதன் சாரம். 2012 அக்டோபரில் நூற்றுக்கு 1 என்ற உச்சவரம்புடன் தொடங்கிய அபராதம், இரண்டே ஆண்டுகளில் 3 என்ற வரம்பை எட்டியது. வருகைகளும் குறைந்தன. வெற்றி என்று முழங்கினர்.

அபராதத்தின் குணத்தைச் சட்டம் பயின்றவர் அறிவர். எதை எண்ணி அபராதம் விதிக்கிறோமோ, அந்த எண்ணிக்கை குறையும். அதன் மூலகாரணம் குறையும் என்பது நிச்சயமில்லை. நோயாளியை முறைப்படி அனுமதிக்காமல், ‘கவனிப்பில் இருக்கிறார்’ என்று எழுதி வைத்தாலும் கணக்குக் குறையும். ஏழைகள் மிகுதியாக வரும் ஆஸ்பத்திரிகளே அதிகம் தண்டிக்கப்பட்டன. அவர்களது வறுமைக்கு ஆஸ்பத்திரி பொறுப்பாளியா? 2016-ல் இயற்றிய சட்டத்தின் மூலமே, ஏழை நோயாளிகளின் விகிதத்தில் ஒத்த ஆஸ்பத்திரிகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் முறை வந்தது.

இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. வீட்டிலேயே இறந்துபோனவர் ஆஸ்பத்திரிக்குத் திரும்புவதில்லை. ஆகவே அக்கணக்கில் அவர் நல்ல நோயாளி! அபராதத் திட்டத்துக்குப் பிந்திய ஆண்டுகளில், இதயத் தளர்ச்சியாலும் நிமோனியாவாலும் படுத்து வீடு சென்றோரிடையே 30 நாள் மரணம் கூடியிருப்பதாக 2018-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறிற்று. வேறு அறிஞர்கள் இம்முடிவை மறுத்துள்ளனர். வழக்கு இன்னும் தீரவில்லை. ஆயினும், நியாயஸ்தலத்தில் சந்தேகத்தின் பலன் குற்றஞ் சாட்டப்பட்டவனுக்கு உரியதாவது போல, வைத்தியத்தில் அது நோயாளிக்கே உரியது. மரணத்தையும் சேர்த்து எண்ணாமல் வருகையை மட்டும் எண்ணித் தண்டிப்பது நீதியாகாது.

இனி, நல்லெண்ணம் படைத்தோர்க்கும் ஓர் எச்சரிக்கை. நியூ ஜெர்ஸி மாகாணத்துக் காம்டன் நகரில், அடிக்கடி ஆஸ்பத்திரியில் சேரும் நோயாளிகளைத் தேடிச்சென்று, நர்ஸுகளும் சமூக ஊழியர்களும் உதவும் திட்டம் ஒன்று நாடெங்கும் புகழ்பெற்றது. 800 பேரைத் திருவுளச் சீட்டு முறையில் இரு கூறாக்கி அதைச் சோதித்தனர். 2020-ல் முடிவு வெளியாயிற்று. 180 நாட்களில் உதவி பெற்றோருள் நூற்றுக்கு 62.3 பேரும், பெறாதோருள் 61.7 பேரும் திரும்பியிருந்தனர்! உதவி பெற்றோரை மட்டும் முன்னும் பின்னும் நோக்கியிருந்தால் வருகை வெகுவாகக் குறைந்ததாகவே தோன்றியிருக்கும். ஆனால் நோயின் உச்சத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பின்னர்ச் சற்றுத் தணிவது இயல்பு; உதவி பெறாதோரும் அவ்வாறே தணிந்தனர். வீடும் வருவாயும் அற்றவர்க்குச் சில வாரத் துணை போதாது போலும். தம் திட்டத்தை இத்தகைய கடும் சோதனைக்கு உட்படுத்தி, பாதகமான முடிவையும் மறைக்காத அவ்வூழியர்களை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். சர்க்காரின் சட்டம் இத்தகைய சோதனைக்கு உட்பட்ட பின்னரா நாடு முழுவதும் அமலாயிற்று?

நாம் கூறுவது இதுவே. நோயாளி திரும்பி வருவது ஒரு சாட்சியம், தீர்ப்பன்று. சிலர் வந்தே தீரவேண்டும். அவர்களுக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். அபராதமாகப் பிடிக்கும் பணத்தை, வீடுவரை செல்லும் நர்ஸின் சம்பளமாக்கட்டும். திரும்பியவர்களை எண்ணும் கை, இறந்தவர்களையும் எண்ணட்டும். வைத்தியத்தின் தரத்தை ஆஸ்பத்திரி வாயிலில் நின்று அளக்க முடியாது. வீடு சென்ற முதியவர் மறுநாள் காலையில் எந்த மாத்திரையை எடுக்கிறார் என்பதில்தான் அது விளங்கும்.