துயர் ஆற்றும் சொல்: அரபு இரங்கற்பா குறித்து

மவுத்தான வீடுகளில் நாம் அடிக்கடி கேட்கும் சொல் ‘ஸப்ர் செய்யுங்கள்’ என்பது. சொல்பவர் நல்லெண்ணத்துடனேயே சொல்கின்றார். கேட்பவரோ பல வேளைகளில் அதனை ‘வாய் திறவாதீர்’ எனப் பொருள்கொண்டு துயரை உள்ளே புதைத்து விடுகின்றார். பொறுமை என்பது மௌனம்தானா? ‘ரிஸா’ எனும் அரபு இரங்கற்பா மரபில் இவ்வினாவுக்கு விடை தேடுவோம்.

தமிழ் இலக்கணத்தார் ‘கையறுநிலை’ என வகுத்த துறைக்கு நெருங்கியது ரிஸா. இதில் முதலிடம் பெறுபவர் ஸுலைம் குலத்துத் துமாதிர் பின்த் அம்ர். ‘கன்ஸா’ என்னும் பெயராலேயே அறியப்படுபவர். அறியாமைக் காலத்தில் அவருடைய சகோதரர் முஆவியா குலப்பகையில் கொல்லப்பட்டார். மற்றொரு சகோதரர் ஸக்ர், சண்டையில் பட்ட காயத்தால் நெடுநாள் துன்புற்று மாண்டார். கன்ஸாவின் பாடல்களில் பெரும்பகுதி ஸக்ருக்காகப் பாடப்பட்டவையே.

அவற்றின் அமைப்பில் மூன்று கூறுகளைக் காண்கிறோம். தம் கண்களையே விளித்து அழச் சொல்கிறார்; மறைந்தவரின் பெயரைத் திரும்பத் திரும்ப உரைக்கிறார்; பின்னர் அவருடைய கொடையையும் வீரத்தையும் விரிக்கிறார். இறந்த கணத்தில் உறைந்துநின்ற நினைவு, வாழ்ந்த காலத்தை நோக்கி நகர்கிறது. பாடல் முழுவதும் ஒரே சந்தம், ஒரே இயைபு. அளவற்ற துயர் அளவுள்ள அடிகளுக்குள் வந்தாக வேண்டும். அதற்காகச் சொல்லைத் தேர்ந்து வரிசைப்படுத்தும் உழைப்பே மருந்தில் பாதி என்பது நம் கருத்து.

இஸ்லாம் இதனைத் தடுத்ததா? கன்னத்தில் அறைந்துகொள்வதையும், ஆடையைக் கிழிப்பதையும், ஓலமிடுவதையுமே மார்க்கம் தடுத்தது. தம் மகன் இப்ராஹீம் மறைந்தபோது நபி (ஸல்) அவர்களின் கண்கள் கலங்கின. உள்ளத்தின் வருத்தத்தை அவர்கள் வாயாலும் வெளிப்படுத்தினார்கள். இறைவனுக்கு உவப்பற்ற சொல் மட்டும் வரவில்லை. இஸ்லாத்தைத் தழுவிய கன்ஸா (ரலி) அவர்களின் கவிதையை நபியவர்கள் விரும்பிக் கேட்டதாகவும் அறிவிப்பு உண்டு.

முதம்மிம் பின் நுவைரா தம் சகோதரர் மாலிக்குக்காகப் பாடிய இரங்கற்பாவும் புகழ்பெற்றது. யமாமாப் போரில் தம் சகோதரர் ஸைத் (ரலி) அவர்களை இழந்திருந்த உமர் (ரலி), இவ்வாறு தம்மாலும் பாட முடிந்தால் ஸைதுக்காகப் பாடியிருப்பேன் என்று ஏங்கியதாக அறிவிக்கப்படுகிறது. உறுதியின் உருவமாக நாம் கருதும் அப்பெருந்தகையே துயருக்குச் சொல் தேடி நின்றார்!

இக்கால உளவியலும் இவ்வழியை ஆராய்ந்துள்ளது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர் சிலர் தம் வாழ்வின் கொடிய அனுபவத்தைத் தொடர்ந்து 4 நாட்கள், நாளொன்றுக்கு 15 நிமிடம் எழுதினர். எழுதியவுடன் மனம் மேலும் கனத்தது. ஆயினும், நிகழ்ச்சியையும் அதனால் எழுந்த உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் பின்வந்த மாதங்களில் மருத்துவரை நாடியது குறைந்தது. காரணத்தையும் புரிதலையும் காட்டும் சொற்கள் எவருடைய எழுத்தில் நாளுக்கு நாள் பெருகினவோ, அவர்களே அதிகப் பயனடைந்தனர் என்று அவருடைய பிற்கால ஆய்வு காட்டிற்று. வெறும் புலம்பலன்று, பொருள் காணும் முயற்சியே ஆற்றுகிறது என இதனைக் கொள்ளலாம். எனினும் பயன் எல்லார்க்கும் ஒரே அளவினதன்று. உறக்கமும் உணவும் இழந்து தவிப்பவருக்கு மருத்துவரின் துணையும் வேண்டும்.

யூஸுஃப் அத்தியாயத்தில் யஃகூப் (அலை) அவர்களைத் திருமறை ‘கழீம்’, அதாவது துயரை உள்ளடக்கியவர் என்கிறது. அவ்விடத்திலேயே கண்கள் வெளுத்த செய்தியும் வருகிறது. அடுத்துச் சில வசனங்களிலேயே, தம் கவலையை அல்லாஹ்விடமே முறையிடுவதாக அவர்கள் வாய் திறக்கிறார்கள். ‘அழகிய பொறுமை’ என்று மொழிந்த அதே நபிதான் முறையிடவும் செய்தார்கள்.

ஆகவே, மவுத்தான வீட்டுக்குச் செல்லும்போது ‘ஸப்ர் செய்யுங்கள்’ என்பதோடு நாம் எழுந்துவிட வேண்டியதில்லை. ‘அவரைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டு, சற்று அமர்ந்திருப்போம். சொல்ல இயலாதவர் கையில் ஒரு தாளும் எழுதுகோலுமாவது கொடுப்போம்.